வட்டுவாகலில் கையளித்த தம்பி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு வீட்டில், ஈழத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஓர் அக்காவுக்காக ஐக்கிய நாடுகள் சபையின் படிவம் ஒன்றை ஆங்கிலத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழ்களையும் நிலப்பத்திரங்களையும் மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால் படிவங்கள் எனக்குப் புதியவை அல்ல. குறிப்பேட்டில் முதலில் தமிழில் எழுதிக்கொண்டபோது, அவருடைய தம்பியைக் 'காணாமல் போனவர்' என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும் அக்கா என்னை நிறுத்தினார். "தம்பி, அவன் காணாமல் போகேல்லை. வட்டுவாகலில நாங்கள்தான் கையளிச்சனாங்கள்." போர் முடிந்த 2009 மே 18 அன்று, முல்லைத்தீவுப் பகுதியின் வட்டுவாகலில் அவனை இராணுவத்திடம் ஒப்படைத்ததையும், பேருந்தில் ஏறியவன் சன்னல் வழியாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்ததையும் அவர் சொல்லச் சொல்ல, அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று எழுதினேன்.

சட்டமும் அக்காவின் பக்கமே நிற்கிறது. அரசின் ஆட்களோ அரசின் இசைவுடன் செயல்படுபவர்களோ ஒருவரைப் பிடித்துச் சென்று, பின்னர் அவரைப் பிடித்ததையே ஒப்புக்கொள்ள மறுப்பது அல்லது அவர் கதி என்னவாயிற்று என்பதை மறைப்பதே காணாமல் ஆக்குதல் என்ற குற்றம் என்று 2006ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை வரையறுக்கிறது. படிவம் போய்ச் சேரும், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழுவோ அந்த உடன்படிக்கைக்கும் மூத்தது. 1980இல் ஐ.நா. அமைத்த அந்த ஐவர் குழுவிடம் முறையிட, நாட்டின் நீதிமன்றங்கள் அனைத்தையும் ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அந்த நாடு எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறது என்ற கேள்வியும் எழாது. குழுவால் எவரையும் தண்டிக்க இயலாது. ஆனால் அரசிடம் விளக்கம் கேட்கும்; பிடித்துச் செல்லப்பட்டவரின் கதி தெளிவாகும்வரை கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். இலங்கையைப் பற்றி மட்டும் அங்கே தீராமல் கிடக்கும் முறையீடுகள் ஆயிரக்கணக்கில்.

இதை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் தீர்ப்பைப் போன்ற ஒன்று கிடைத்த இடத்திலும் என்ன நடந்தது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஓர் இளைஞரை 1993இல் கைதுசெய்து, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை பதிக்க வைத்து, அதைக் கொண்டே 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 35 ஆனது. 1033/2001 என்ற எண்ணில் அவருடைய முறையீட்டை ஏற்ற ஐ.நா. மனித உரிமைக் குழு, விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று 2004இல் முடிவு கூறியது. அந்த முடிவை ஏந்திக்கொண்டு அவர் மீண்டும் கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, தனிமனிதர் அந்தக் குழுவிடம் முறையிட வழிவிடும் விருப்ப நெறிமுறை என்ற துணை ஒப்பந்தத்தில் 1997இல் நாடு இணைந்ததே அரசமைப்புக்கு முரணானது என்று கூறி, 2006 செப்டம்பரில் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஒரு நாடு உலகத்தின் முன் திறந்த கதவை அதே நாட்டின் நீதிமன்றம் உள்ளிருந்து தாழிட்டது.

சென்னையில் இருக்கும் நமக்கு அந்தக் கதவே கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் ஈழத் தமிழருக்கு நீதி கேட்டு உண்ணாவிரதம் தொடங்கி, அந்தத் தீ தமிழ்நாட்டுக் கல்லூரிகளெங்கும் பரவியபோது, ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடும் ஜெனீவாவின் பெயர் தேநீர்க் கடைகளில்கூடப் புழங்கியது. நானும் அந்தக் கூட்டங்களில் நின்றவன். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979இலேயே இணைந்தும், அதன் விருப்ப நெறிமுறையில் இன்றுவரை இணையவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இலும், காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரானதில் 2007இலும் கையெழுத்திட்டதோடு நிற்கிறது. இரண்டுக்கும் ஏற்புறுதி, அதாவது அவற்றுக்குக் கட்டுப்படுவதாகச் சொல்லும் இறுதி ஒப்புதல், அளிக்கவில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் காவலில் இருந்த தந்தையும் மகனும் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, நம்மில் எத்தனை பேர் அந்த ஏற்புறுதியைக் கேட்டுத் தெருவுக்கு வந்தோம்? ஈழத்துக்காக ஜெனீவாவை அழைத்த குரல் நமக்காகவும் எழுந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படிவத்துக்குத் திரும்புகிறேன். தேடிய இடங்களைக் கேட்கும் பகுதியில் அக்கா சொன்னவை கொடுத்த கட்டத்துக்குள் அடங்கவில்லை. முகாம்கள், சிறைகள், ஆணைக்குழு அமர்வுகள் எனத் தனித்தாள் ஒன்றை இணைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஒப்புதல் பற்றிய கேள்வி வந்தது. முறையிடுபவரின் பெயரை மறைத்துவைக்கக் கேட்கலாம் என்று விளக்கினேன். அக்கா பேனாவை மேசைமேல் வைத்தார்.

"என்ர பேரை மறைக்கலாம். அவன்ர பேர் திரும்ப அவையளிட்டத்தானே போகும்? அம்மா இன்னும் முல்லைத்தீவிலதான் இருக்கிறா."

போகும் என்றேன். விளக்கம் கேட்பதற்காக அந்த அரசுக்கே அனுப்புவார்கள். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறி, தாள்களை அடுக்கி ஒரு நெகிழி உறைக்குள் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஒப்பமிட வேண்டிய இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.