வேல்ஸைச் சுற்றி நடக்கக் கிளம்பும் வடசென்னைக்காரர்களுக்கு

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் பயம் கிடையாது. பிரிட்டனின் மேற்கே இருக்கும் வேல்ஸில் நடக்கும்போது முதலில் இறக்கி வைக்க வேண்டியது அந்தத் தைரியத்தைத்தான். சென்னையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம். கார்டிஃப் இருக்கும் செவர்ன் கழிமுகப் பக்கம் அது 14 மீட்டர் வரை போகும், அதாவது நாலு மாடி உயரம். காலையில் மணல் திட்டாகக் கிடந்த இடம் மதியம் ஆழத் தண்ணீராகிவிடும். கவனிக்காமல் நடப்பவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து வேல்ஸின் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்குப் போனவர்கள், குடியேறிய நாட்டை ஒரு முறை முழுசாகச் சுற்றி நடந்து, ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட ஆசைப்படுவது இயல்பு. அதற்கு வேல்ஸ் போலத் தோதான நாடு குறைவு. 2012 மே மாதம் திறந்த கடற்கரைப் பாதை 1,400 கிலோமீட்டர். ஒரு முனை தெற்கே செப்ஸ்டோ, மறு முனை வடக்கே செஸ்டர் நகருக்கு அருகில். இங்கிலாந்து எல்லையோரமாக, எட்டாம் நூற்றாண்டு மண் கரையை ஒட்டிப் போகும் ஆஃபாஸ் டைக் பாதை 285 கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்தால் வட்டம் முடிந்துவிடும். மொத்தம் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். நாளைக்கு 20 கிலோமீட்டர் என்றால் 85 நாள். ஆறு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வைத்தால் நூறு நாள்.

இந்த நூறு நாளை ஒரே மூச்சில் எடுக்கலாம் என்று ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவர்கள் நினைக்கக் கூடாது. சம்பளமில்லா விடுப்பு ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் நான்கு வாரத்தைத் தாண்டினால், வேலை கொடுத்தவர் ஸ்பான்சர்ஷிப்பை, அதாவது உங்கள் விசாவுக்கு ஏற்ற பொறுப்பை, நிறுத்த வேண்டி வரும். பிரசவம், நோய் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, அறக்கொடை நடைக்குக் கிடையாது. சட்டப்படி முழு நேர ஊழியருக்குக் கிடைக்கும் சம்பள விடுப்பு 28 நாள். அதில் ஊருக்குப் போக ஒரு பங்கு, நடைக்கு ஒரு பங்கு, மீதிக்கு வார இறுதி என்று மூன்று நான்கு ஆண்டுக்குப் பிரித்துக்கொள்வதே சரி. துண்டு துண்டாக நடந்தால் நடை சின்னதாகிவிடாது. கொடுக்கிறவர்களும் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகக் கொடுப்பார்கள்.

கடலுக்குத் திரும்புவோம். கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாட்டுக் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அந்த ஒரு மணியைக் கூட்ட மறந்தால் கணக்கு மொத்தமும் தப்பு. அடுத்தது, தண்ணீர் ஒரே சீராக ஏறாது. ஆறு மணி நேரத்தில் 12 மீட்டர் ஏறும் இடம் என்றால் முதல் மணியில் ஒரு மீட்டர், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 'மெதுவாத்தானே ஏறுது' என்று நடுவில் நிற்பவரை மூன்றாவது மணி பிடித்துவிடும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில் ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருக்கும். இதை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தென்மேற்கு வேல்ஸின் பெம்புரோக்ஷயரில் சாண்டி ஹேவன் என்ற ஓடையைக் கால்நடையாகத் தாண்ட, தண்ணீர் அடிமட்டத்துக்கு வற்றும் நேரத்துக்கு முன் இரண்டரை மணி, பின் இரண்டரை மணி மட்டுமே வாய்ப்பு. தவறினால் சுற்று வழி. அதனால் அங்கே படுக்கும் இடத்தை முதலில் முடிவு செய்யக் கூடாது. தாண்டும் நேரத்தைக் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எங்கே தூங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். அதே மாவட்டத்தில் காசில்மார்ட்டின் ராணுவத் துப்பாக்கிச் சுடுதளம் இருக்கிறது. சிவப்புக் கொடி பறந்தால் கடலோர வழி மூடியிருக்கும். சுடும் நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், பார்த்துவிட்டுப் போங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும்போதே பழகிக்கொள்ளலாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் சுமார் 12 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் வேல்ஸின் ஒரு நாள் நடைக்கு மேலேயே ஆகிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை என்பதால், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள். பிரிட்டனிலும் நடைபாதை இல்லாத சாலையில் அதுதான் விதி.

ஆனால் வடசென்னை தட்டைப் பூமி. பெம்புரோக்ஷயரின் 300 கிலோமீட்டர் பாதையில் ஏறி இறங்கும் உயரத்தைக் கூட்டினால் 35,000 அடி. 24 கிலோமீட்டர் நடக்கும் நாளில் உங்கள் பங்கு சுமார் 2,800 அடி. நாலு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டை 40 அடி என்று வைத்தால் எழுபது தடவை. ஒரே நாளில் வேண்டாம். பத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து கூட்டுங்கள். ஏறுவது மூச்சை வாங்கும், முட்டியை வாங்குவது இறக்கம். இறங்கும்போது குதிக்காமல் பாதத்தை மெதுவாக வைத்துப் பழகுங்கள்.

காலணிக்கு வருவோம். வருஷக்கணக்கில் ரப்பர் செருப்பு போட்டு நடந்த பாதம் அகலமாக விரிந்திருக்கும். குதிகாலில் பித்தவெடிப்பு இருக்கும். குளிர்காற்றில் அந்த வெடிப்பு ஆழமாகிப் பிளக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் வாஸ்லின் தடவி, சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். ஷூவை மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், நடைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முன்பக்கம் முட்டினால் நகம் கறுத்துக் கழன்றுவிடும். நகத்தை நேராக வெட்டி, கணுக்கால் அருகே உள்ள கடைசி இரண்டு துளைகளில் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. எங்கேயாவது சுருக்கென்று சூடு தெரிந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, துடைத்துக் காயவைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். 'அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்' என்று விட்ட சூடுதான் சாயங்காலம் கொப்புளமாகி நாலு நாளைக் கெடுக்கும்.

பருத்தி பனியன் சென்னைக்கு வரம், வேல்ஸ் மழைக்கு ஆகாது. நனைந்தால் காயாது, காற்று பட்டவுடன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மே மாதத்திலும் குளிரில் உடம்பு நடுங்கிப் பேச்சுக் குழறும் நிலை வரலாம். உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, மேலே மழைக்கோட்டு. சாப்பாட்டுக்குச் சத்துமாவும் பருப்புப் பொடியும் பையில் இடத்தை அடைக்காது. நெய்யும் பால்கோவாவும் ஊரிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றவே முடியாது, அங்கேயே வாங்குங்கள். நில உரிமையாளரைக் கேட்காமல் கூடாரம் போடுவதும் கூடாது.

பண விஷயத்தில் நல்ல எண்ணம் மட்டும் போதாது. பிரிட்டனில் பதிவான அறக்கட்டளைக்கு, அங்கே வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் என்ற நன்கொடை வரித் திட்டத்துக்குச் சம்மதித்து ஒரு பவுண்டு கொடுத்தால், அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். தெருவில் உண்டியல் ஏந்த உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். உண்டியலுக்கு முத்திரை இருக்க வேண்டும், இரண்டு பேராக உட்கார்ந்து எண்ணுங்கள். தங்கும் செலவும் ரயில் செலவும் உங்கள் கைக்காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திரட்டியதைப் புளியந்தோப்பில் ஒரு மாலை நேரப் பள்ளிக்கோ எண்ணூரில் ஒரு இல்லத்துக்கோ கொடுக்க நினைத்தால், அந்த அமைப்பு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் கீழ் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது, காலாவதியாகியிருக்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அவர்கள் தொடங்கிய கணக்குக்குத்தான் போக வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. 'மாமா கணக்குல போட்டுடு, நாங்க பிரிச்சுக் கொடுத்துடறோம்' என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அந்த மாமாதான்.

சாலையில் வெல்ஷ் மொழியில் 'ஆரவ்' என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போ என்று அர்த்தம். வழியில் சிப்பிச் சின்னம் கடற்கரைப் பாதைக்கு, ஓக் கொட்டைச் சின்னம் ஆஃபாஸ் டைக்குக்கு. நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள்.

தினமும் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அம்மாவுக்கு அனுப்புவது அவர் மன நிம்மதிக்கு. ஆபத்துக்கு உதவ, பிரிட்டனுக்குள் இருக்கும் ஒருவரிடமும் அன்றைய வழியையும் வந்து சேரும் நேரத்தையும் கொடுத்திருக்க வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து பிரிட்டனின் அவசர எண்ணான 999 அடித்தால் வேல்ஸ் கடலோரக் காவல்படைக்குப் போகாது. கோடையில் அங்கே மாலை ஏழரை என்றால் இங்கே நள்ளிரவு. சிக்னல் மங்கலான இடங்களில் குரல் போகாவிட்டாலும் 999-க்குக் குறுஞ்செய்தி போக வாய்ப்பு உண்டு. அதற்கு, கிளம்பும் முன்பே பிரிட்டிஷ் சிம்மிலிருந்து 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு 'யெஸ்' என்று அனுப்பிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.