இடுப்பில் காசு கட்டி ஆடிய கதை

சிகாகோவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை பெல்லி டான்ஸ் விழா நடக்கும். முப்பது வருஷமாக ஆடுகிறவருக்கும் மேடை உண்டு, போன மாதம் சேர்ந்தவருக்கும் உண்டு. இந்த வருஷம் நானும் ஆடினேன். வயது 46, அனுபவம் எட்டு மாதம், இடது முழங்காலில் லேசாகச் சத்தம் வரும்.

வகுப்பில் சேர்ந்ததே ஜும்பாவில் இடம் கிடைக்காததால்தான். சின்ன வயதில் ஆறு வருஷம் பரதம் கற்றவள், இதையெல்லாம் ஊதித் தள்ளிவிடலாம் என்று போனேன். வினையே அங்கேதான். அரைமண்டியில் உட்கார்ந்தால் இடுப்பு அசையவே கூடாது, அசைந்தால் டீச்சரின் தட்டுக்கழி பேசும் என்று வளர்ந்த உடம்பு இது. இங்கே தலைகீழ். மேலே தோள் சிவனே என்று இருக்க வேண்டும், இடுப்பு மட்டும் தனியாகப் போய்வர வேண்டும். ஷிம்மி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு முழங்காலையும் மாற்றி மாற்றி வேகமாக மடக்கி நீட்டினால் இடுப்பு தானாக நடுங்குமாம். எனக்குக் கன்னம்தான் நடுங்கியது. போதாததற்கு, தாளம் கேட்டாலே கால் 'தை' என்று தரையை அறையும். "கீழ் வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் வாராவாரம் கெஞ்சுவார்.

இந்த நேரம் பார்த்து அம்மா பரமக்குடியிலிருந்து வந்து இறங்கினார். "ஒரு கல்ச்சுரல் புரோகிராம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். பொய் இல்லையே.

விழா அன்று உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் என் தொப்பைக் கவலை போய்விட்டது. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் கண்ணுக்கு மேல் மினுக்குத் தூள் பூசிக்கொண்டிருந்தார். தாடிக்காரர் ஒருவர் தன் இடுப்புத் துணிக்கு ஊக்கு கேட்டு அலைந்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அத்தனை ஊக்கு குத்தி நான் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. திரைக்குப் பின்னால், ஆடி முடித்து வந்தவரின் சல்லாத்துணி என் இடுப்புக் காசுகளில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் அவர் வருகிறார், விட்டால் நான் போகிறேன். வெளியே தொகுப்பாளர் நேரத்தை ஓட்ட வரலாறு பேச ஆரம்பித்தார். அரபியில் இதற்கு ரக்ஸ் ஷர்கி, அதாவது கிழக்கத்திய ஆட்டம் என்றுதான் பேர், வயிறு என்ற பேச்சே அதில் கிடையாது. 1893-ல் இதே சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் கெய்ரோ தெரு என்று ஒன்றைக் கட்டி ஆட வைத்தபோதுதான் அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாய் பிளந்து பார்த்தார்கள். இப்படியே போனது பேச்சு.

முன்வரிசையில் பேரன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான் போல. திரையைத் தாண்டி அம்மாவின் குரல் வந்தது. "1893-ஆ? நம்ம சேதுபதி மகாராசா அனுப்பி வச்சாகளே விவேகானந்தரு, அவரு வந்த வருசமில்ல?"

"ஆமா அம்மாச்சி."

"அப்ப அவரும் இதப் பாத்துருப்பாரோ?"

அவர் பேசிய சர்வமத மாநாடே அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். எந்தப் பக்கம் மறுத்துப் பேசுவது? நல்லவேளை, காசு விடுபட்டு நான் மேடைக்குள் தள்ளப்பட்டேன்.

மூன்றரை நிமிஷம். தர்புகா என்ற அரபு மேளம் வாசித்தவர் 'தும் தெக், தெக் தும், தெக்' என்று தொடங்கினார். முதல் நிமிஷம் ஓரளவு ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் விரலில் மாட்டியிருந்த குட்டித் தாளங்களில் ஒன்றின் எலாஸ்டிக் அறுந்து, அது உருண்டுபோய் முன்வரிசையில் அம்மாவின் செருப்பில் முட்டி நின்றது. என் கண்ணும் கூடவே போனது. திரும்பி வந்தபோது அடுத்த அசைவு என்னவென்று சுத்தமாக மறந்துவிட்டது. மூளை கைவிட்டால் கால் பழைய முதலாளியிடம்தான் போகும். பரதத்தின் தட்டடவு. தை, தை, தை. வாசித்தவர் நான் வேண்டுமென்றே கேள்வி போடுகிறேன் என்று நினைத்து உற்சாகமாகப் பதில் வாசிக்க, இரண்டு பேருமாக எங்கோ போய்விட்டோம்.

அரங்கின் பின்னாலிருந்து ஒரு பெண் நாக்கைச் சுழற்றி 'லுலுலுலு' என்று குரல் எழுப்பினார். அரபு வீட்டுக் கல்யாணங்களில் சந்தோஷத்துக்குப் பெண்கள் போடுவது. அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில், போட்டிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். எழுந்தார், முந்தானையைச் செருகினார், வாயருகே கையை வைத்தார்.

முளைப்பாரிக்கு நாற்பது வருஷமாகக் குலவை போட்ட தொண்டை அது. மைக் தேவைப்படவில்லை. அரங்கம் ஒரு விநாடி அடங்கி, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு இல்லை, அம்மாவுக்கு.

முடிந்ததும் மினுக்குப் பாட்டி என்னைத் தாண்டி நேரே அம்மாவிடம் போய், எகிப்தில் எந்த ஊர் என்று விசாரித்தார். அம்மா "பரமக்குடி" என்றார். பாட்டி மரியாதையாகத் தலையாட்டினார்.

திரும்பும்போது காரில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். நெடுஞ்சாலை ஏறும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. மடியில் அந்தக் குட்டித் தாளத்தை வைத்து விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

"எல்லாருக்கும் நல்லா வந்துச்சு" என்றார் கடைசியில். "ஒனக்குத்தான் இடுப்பே அசையலடி."