பெருங்குடலோடு வாழ்தல்

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சியோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் போகிறது, இரத்தம் கலந்திருக்கிறதா, எடை குறைந்ததா என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டியவைதாம். பேருந்தில் ஏறுவதற்கு அஞ்சுகிறாயா என்று மட்டும் இதுவரை எவரும் என்னைக் கேட்டதில்லை.

இந்நோய் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் பெருங்குடலின் உட்சவ்வு வழியே மேல்நோக்கிப் பரவுகிறது. அழற்சியுற்ற மலக்குடல் விரிந்து கொடுக்கும் தன்மையை இழந்துவிடுவதால், சிறிதளவு மலத்தைக்கூடத் தாங்காமல் அக்கணமே வெளியேற்ற முற்படுகிறது. கொஞ்சம் அடக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் அறியாதது இதுதான். சோகை, மூட்டுவலி, புண் ஆறியிருக்கும் காலத்திலும் விலகாத களைப்பு ஆகியவையும் உடன் வருகின்றன. கழிப்பறை எங்கே இருக்கிறதென்று தெரியாத ஊருக்கு நான் போவதில்லை. பயணத்துக்கு முந்தைய இரவே உணவை நிறுத்திவிடுகிறேன்.

மனப் போராட்டமே இந்நோயின் வேர் என்று சிகாகோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டரைப் போன்றோர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கருதினர். ஆனால், அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைப் பெற்ற நோயாளிகள், போலி மருந்து பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் 1955இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் பிறழ்வு இதில் முதன்மையானது என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. கவலை அறிகுறிகளைக் கூட்டலாம். ஆனால் கவலைப்பட்டதால்தான் நோய் வந்தது என்று ஒருத்தியிடம் சொல்வது, அவள் வலியோடு குற்றவுணர்வையும் சுமக்க வைப்பதாகும். நம் வீடுகளில் அந்தச் சொல் இன்னும் ஓயவில்லை.

ஸ்டீராய்டால் முகம் உப்பியிருந்த நாள்களில், திருமண வீடொன்றில் “இப்பத்தான் பூசினாப்ல நல்லா இருக்கே” என்று உறவினர் ஒருவர் மகிழ்ந்தார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்று காலையிலும் இரத்தம் போயிருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? நெஞ்சுவலியைச் சபையில் சொல்லலாம், சர்க்கரையைச் சொல்லலாம், மலத்தைச் சொல்ல முடியாது.

இந்த மௌனம் உடலுக்கும் கேடு செய்கிறது. புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து விழுங்கும் பெண்கள், கருவுற்றதும் அச்சத்தில் அதையும் நிறுத்திவிடுகிறார்கள். இந்நோய்க்குத் தரப்படும் மெசலமின் என்னும் மருந்தைக் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தொடரலாம். நோய் மீண்டும் சீறுவதுதான் தாய்க்கும் சேய்க்கும் கூடுதல் ஆபத்து. எனவே, திருமணப் பேச்சு நடக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள் என்றும், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பாருங்கள் என்றும் என்னிடம் கேட்கும் இளம்பெண்களுக்குச் சொல்லி வருகிறேன்.