கப்பல் வந்தால்தான் அமோர்கோஸ்

நவம்பர் கடைசியில் அமோர்கோஸ் போகிறேன் என்றதும் ஏதென்ஸில் இருக்கும் நண்பர் சிரித்தார். “போறதெல்லாம் சரி. திரும்பி வர்ற தேதியை நீ முடிவு பண்ண முடியாது, தெரியுமில்ல?” என்றார். கிரேக்கத்தில் காற்று எட்டு போஃபோர்ட்டை (காற்றின் வலுவைச் சொல்லும் அளவு) தொட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பலைக் கிளம்ப விடமாட்டார்கள். வேகப் படகுகளுக்கு அதற்கு முன்பே தடை வந்துவிடும். கோடையிலும் மெல்தெமி என்கிற வடகாற்றால் இது நடப்பதுதான். ஆனால் அப்போது அடுத்த கப்பல் சீக்கிரம் வந்துவிடும். குளிர்காலத்தில் வாரத்துக்குச் சில கப்பல்கள்தான். ஒன்று நின்றால் பயணத் திட்டமே ஆட்டம் காணும்.

அமோர்கோஸ், கிரேக்கத்தின் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் நீளவாக்கில் ஒல்லியாகக் கிடக்கிற தீவு. விமான நிலையம் கிடையாது. இரண்டாயிரத்துக்கும் குறைவான ஜனம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் சாயங்காலம் ஏறினால் நள்ளிரவு தாண்டித்தான் இறங்க முடியும். நான் கட்டாபோலா துறையில் இறங்கினேன். சுற்றுலாப் பயணி என்று பார்த்தால் நான் ஒருவன்தான். ஆனால் துறையில் நல்ல கூட்டம். கப்பலின் பின்கதவு முழுதாகத் தரையைத் தொடுவதற்குள்ளேயே லாரிகள் உறும ஆரம்பித்தன. காஸ் சிலிண்டர், சிமென்ட் மூட்டை, முட்டை அட்டைகள், யாரோ ஒருவருடைய துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இறங்கின. ஒரு பாட்டி, மருந்துக் கடைப் பெயர் எழுதிய சின்னப் பொட்டலத்தைக் கப்பல் ஊழியரிடம் வாங்கி, அந்த விளக்கு வெளிச்சத்திலேயே பிரித்துச் சரிபார்த்துக்கொண்டார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கதவு மேலே போய்விட்டது, கப்பல் நகர்ந்துவிட்டது.

விடிந்து பார்த்தால் கடற்கரையோர உணவகங்களில் பாதிக்கு மேல் பூட்டு. நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சுற்றுலா அஞ்சலட்டையில் பார்த்த நீலம் எங்கும் இல்லை; கடல் ஈயம் பூசினாற்போல் இருந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்தது மலை. கோடையில் காய்ந்து பழுப்பாகிவிடும் சரிவுகள், முதல் மழை விழுந்ததும் பச்சை பிடித்திருந்தன. கற்சுவர் இடுக்குகளில் சைக்ளமென் பூக்கள் ரோஜா நிறத்தில் தலைகாட்டின. லங்காடா கிராமத்துப் பக்கம் ஒலிவ மரங்களுக்கு அடியில் வலை விரித்து, சீப்பு மாதிரி ஒரு கருவியால் கிளைகளை வாரிக் காய்களை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சீசன் இல்லாத காலம்’ என்று நாம் சொல்வது நம் கணக்கு. அவர்களுக்கு இதுதான் வேலை மும்முரமான மாதம்.

ஹோசோவியோடிஸா மடாலயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தீவின் தலைமை ஊரான ஹோராவிலிருந்து இறங்கும் பாதையில் ஒரு திருப்பம் தாண்டியதும் செங்குத்தான பாறை, அதன் நடுவில் வெள்ளையடித்த ஒரு சுவர். கடலிலிருந்து கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். எட்டு மாடி என்கிறார்கள், ஆனால் உள்ளே போனால் மாடி எது, பாறை எது என்றே பிடிபடாது. அதிகபட்ச அகலமே 5 மீட்டர்தான். ஆள் குனிந்தால்தான் நுழைய முடிகிற வாசல். பாறையோடு ஒட்டிய குறுகலான படிகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். 1017-இல் தொடங்கியது என்பது மரபு; 1088-இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் கொம்னெனோஸ் இதைப் புதுப்பித்திருக்கிறார். உச்சியில் சிறிய தேவாலயம், பக்கத்தில் ஒரு மேல்முற்றம். அங்கே நின்று கீழே பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

இறங்கும்போது ஒரு துறவி உட்காரச் சொல்லி, தட்டில் லூக்குமி மிட்டாய், தண்ணீர், ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் ‘ப்ஸிமெனி ராக்கி’ வைத்தார். பட்டை, கிராம்பு போட்டு இனிப்புச் சேர்த்துக் காய்ச்சிய சாராயம். காலை பத்து மணிக்கு மடாலயத்தில் சாராயம் குடித்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கோடையில் இதே முற்றத்தில் வரிசை நிற்குமாம். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரும் எழுப்பவில்லை. நவம்பர் 21 திருவிழாவுக்குத் தீவு முழுக்க இங்கே ஏறி வந்துவிடும். நான் அதைத் தவறவிட்டது கொஞ்சம் வருத்தம்தான்.

ஹோராவின் ஒரு காஃபினியோவில், அதாவது ஊர்க் காபிக்கடையில், மதியச் சாப்பாடு. ஃபாவா கேட்டேன். நம்ம பருப்புக் கடையல்தான், கடுகு தாளிப்பதற்குப் பதிலாக ஒலிவ எண்ணெயும் பச்சை வெங்காயமும். பக்கத்து மேசைப் பெரியவர்கள் சீட்டாட்டத்துக்கு நடுவே தொலைக்காட்சியில் வானிலை வந்ததும் கையை நிறுத்தினார்கள். தென்காற்று, எட்டு. ஒருவர் என்னைப் பார்த்து, “நாளைக்குக் கப்பல் இல்லை, நிதானமாச் சாப்பிடு” என்றார்.

சொன்னபடியே கப்பல் இல்லை. மறுநாளும் இல்லை. கடையில் முதலில் காலியானது தக்காளியும் கீரையும். உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆரஞ்சு மட்டும் மிச்சம். அறை கொடுத்த அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. “பெதி மூ (என் பிள்ளையே), வீட்ல மாவு இருக்கு, எண்ணெய் இருக்கு, கவலை எதுக்கு?” என்றார். கவலை இருந்தது மாடியில் தங்கியிருந்த பள்ளிக்கூட ஆசிரியைக்கு. ஏதென்ஸில் பல் வைத்தியரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாராம். அதை மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போட்டுத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கப்பல் வராதது ஒரு அனுபவம். அவருக்கு அது பல்வலி.

அந்த இரவில் அந்த அம்மா நிலநடுக்கக் கதைக்கு வந்தார். 1956 ஜூலை 9-ஆம் தேதி இந்தக் கடலுக்கு அடியில் 7.5-க்கு மேல் அளவில் நில அதிர்வு வந்து, ஆழிப்பேரலையும் எழுந்தது. பக்கத்துத் தீவான சாந்தோரினியில்தான் பெரும்பாலான சாவுகள். 2025 தொடக்கத்தில் சாந்தோரினிக்கும் அமோர்கோஸுக்கும் இடையே ஆயிரக்கணக்கான சிறு அதிர்வுகள் வந்து, சாந்தோரினியிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். “நீங்க போகலையா?” என்றேன். “ஆட்டை யார் பார்ப்பா?” என்று எழுந்து போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தீவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். ஷெங்கன் விசா முடியும் தேதியை ஒட்டிப் போகவே போகாதீர்கள். பேருந்து உண்டு, ஆனால் குறைவு. முதல் நாளே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மடாலயத்துக்கு ஆண்களுக்கு முழுக் கால்சட்டை, பெண்களுக்குப் பாவாடை, மதியம் மூடிவிடுவார்கள். அறை பிடிக்கும்போது சூடேற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், பல அறைகள் கோடைக்கென்றே கட்டியவை. தீவில் கட்டாபோலா, ஆயியாலி என்று இரண்டு துறைகள் உண்டு, நடுவே நல்ல தூரம். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அறை பிடியுங்கள். நடுராத்திரியில் டாக்ஸி தேடும் ஊர் அது இல்லை.