மச்சை அறையாக்கப் போட்ட உயரக் கணக்கு

எங்கள் ஓட்டு வீட்டு மச்சில் பல வருடங்களாகப் பழைய சூட்கேஸ்களும் உடைந்த கட்டில் சட்டங்களும்தான் குடியிருந்தன. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. "ஏம்மா, மேலே அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு" என்றார் மாமனார்.

கிடக்கிறதுதான். ஆனால் மச்சில் தரையை மட்டும் அளந்து பிரயோஜனமில்லை. வந்து பார்த்த ஆசாரி, டேப்பை எடுப்பதற்கு முன் ஒரு சாக்பீஸ் கேட்டார். 5 அடியில் வெட்டிய ஒரு கம்பை நிமிர்த்திப் பிடித்து, அதன் உச்சி, சாய்ந்து நின்று ஓட்டைத் தாங்கும் கைமரத்தைத் தொடும் இடங்களில் எல்லாம் கீழே புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். அப்புறம் 7 அடிக் கம்பால் இன்னொரு கோடு. சுவருக்குச் சுவர் 22 அடி அகலம், முகட்டுக்குக் கீழே 9 அடி உயரம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 5 அடிக் கோடுகளுக்கு நடுவே இருந்தது 10 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 7 அடிக் கோடுகளுக்கு நடுவே 5 அடிகூட முழுசாக இல்லை.

அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதிகளும் ஏறக்குறைய இதே கோடுகளைத்தான் போடுகின்றன. சரிவுக் கூரைக்கு அடியில் 5 அடிக்குக் குறைந்த உயரமுள்ள பகுதியை அறையின் குறைந்தபட்சப் பரப்பில் சேர்ப்பதில்லை. அந்தப் பரப்பில் பாதிக்காவது 7 அடி உயரம் இருக்க வேண்டும். அதிகாரிக்காக வைத்த விதி மாதிரி தோன்றும். ஒரு வாரம் குனிந்து நடந்து பாருங்கள், நம் முதுகுக்காக வைத்தது என்று புரியும்.

இதில் இன்னொரு சங்கதி, மச்சில் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்த உயரத்திலிருந்தே கொஞ்சம் பிடுங்கும்.

முதலில் தரை. எங்கள் மச்சுக் கட்டைகள் 4 அங்குல உயரம். கீழ் அறைகளின் மேல்பலகையைத் தாங்கவும் நாலு பெட்டிகளைச் சுமக்கவும் போட்டவை. ஆள் புழங்கும் அறைத் தரை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை தாங்கும்படி கணக்கிடுவார்கள். பக்கத்தில் இன்னொரு 4 அங்குலக் கட்டையைச் சேர்த்துக் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்டேன். கட்டையின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பும் இரண்டு மடங்குதான். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு. உயரத்தை மட்டும் மூன்று தடவை பெருக்க வேண்டும், 2×2×2 என்று. அதனால் கட்டமைப்புப் பொறியாளர் 7 அங்குலக் கட்டைகளைச் சொன்னார். பழைய கட்டைகளுக்கு இடையில், அவற்றைத் தொடாமல், வெளிச்சுவரிலும் நடுச்சுவரிலும் உட்காரும்படி. ஒரே அகலத்துக்கு விறைப்பு ஐந்து மடங்குக்கு மேல். நான் மேலே நடந்தால் கீழே பலகை அதிராது, வெடிக்காது. ஆனால் தரை, பலகையோடு சேர்த்து, 4 அங்குலம் ஏறிவிட்டது.

பழைய கட்டைகளையாவது கழற்றிவிடலாமா? கூடாது. கூரையின் பாரம் கைமரங்களின் அடியை வெளிப்பக்கமாகத் தள்ளும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலகாமல் இழுத்துப் பிடித்திருப்பது அந்தக் கட்டைகள்தான். சில வீடுகளில் கைமரங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் இருக்கும், நெற்றியில் இடிக்கும். இடிக்கிறதே என்று அறுத்தால் சுவரின் தலை சாயலாம். ஆலையில் செய்து வந்த முக்கோணச் சட்டக் கூரைகளில் இது இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு சிறு கட்டையும் பாரம் சுமக்கிறது. கணக்குப் போடாமல் ரம்பத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து வெயில். மதியம் ஓட்டுக்கு அடியில் நின்றால் உச்சந்தலையில் சூடு இறங்குவது தெரியும். கைமரங்களுக்கு இடையே, வெப்பத்தைத் தடுக்கும் கல்கம்பளியை ஓடு வரைக்கும் அடைக்கலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். அப்படி அடைக்கக் கூடாது. கம்பளிக்கும் கூரைக்கும் நடுவே 2 அங்குலமாவது, கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்திலிருந்து முகடுவரை தடையில்லாத சந்து வேண்டும். கீழே குளிர்ந்த காற்று புகுந்து, சூடாகி, முகட்டு வழியே வெளியேறும். கூடவே ஈரத்தையும் கொண்டுபோகும். ஈரம் தங்கினால் மரம் உளுத்துவிடும். இரண்டு வாயிலும் வலை அடித்தோம், இல்லையென்றால் அணில் குடிவந்துவிடும். வெப்பத்தைத் தடுக்க ஒட்டும் பளபளப்பான அலுமினியத் தாளும் அந்தக் காற்றுச் சந்தின் பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். எதிரே காற்று இல்லாமல் பலகையோடு ஒட்டிக்கிடந்தால் அதன் பளபளப்புக்கு வேலையே இல்லை. வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகம்தான். எங்கள் கைமரங்கள் மெலிந்தவை, சந்து விட்டபின் கம்பளிக்கு ஆழம் போதவில்லை. அதனால் உட்கூரை 4 அங்குலம் இறங்கியது.

ஆக 8 அங்குலம் போச்சு. 7 அடிக் கோடுகளுக்கு நடுவே இப்போது 3 அடியும் கொஞ்சமும். தலைக்கு மேலே 8 அங்குலம் குறைந்தால், சரிவு காரணமாகத் தரையில் ஒன்றரை அடிக்கு மேல் குறைகிறது. கடைசி நேரத்தில் இன்னும் ஓர் அங்குலம் பிளைவுட் அடிக்கச் சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பாரிஸில் 1783-இல் கட்டட உயரத்துக்கு வரம்பு வைத்தபோது, அளவை கூரை தொடங்கும் விளிம்புவரைதான் எடுத்தார்கள். அதற்கு மேலே மான்சார்ட் கூரை போட்டு உள்ளே குடியிருந்தால் கணக்கில் வராது. பக்கங்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி, மேலே மட்டும் நன்றாகச் சாயும் கூரை அது. ஊர் முழுக்க அது பரவியதில் ஆச்சரியமில்லை. எனக்கும் அப்படியொரு கூரை இருந்திருக்கலாம்.

படிக்கட்டுதான் பெரிய தகராறு. ஏறி முடிக்கும் இடத்தில் 6 அடி 8 அங்குலமாவது தலைக்கு மேல் வேண்டும் என்றால் அது முகட்டுக்கு அருகில்தான் வரும். முகட்டை ஒட்டி நீளவாக்கில் படி போட்டால், நிமிர்ந்து நடக்கக்கூடிய அந்த ஒரே பாதையையும் படியே தின்றுவிடும். மடக்கு ஏணி போதும் என்றார் கணவர். தினமும் லேப்டாப்போடும் காபியோடும் ஏணி ஏற நான் தயாரில்லை. இரவில் அவசரமாக இறங்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஆசாரிதான் படியைக் கூரைச் சரிவின் போக்கிலேயே, சுவர்ப்பக்கத்திலிருந்து முகட்டை நோக்கித் திருப்பினார். படியின் சாய்வும் கூரையின் சாய்வும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் ஏற ஏறத் தலைக்கு மேல் கூரையும் ஏறுகிறது. நேராகப் போட நீளம் போதாமல் பாதியில் ஒரு திருப்பம். கீழே மூலையில் இருந்த அலமாரி இடம் போனது, அதில் மாமியாருக்கு இன்னும் வருத்தம்.

மற்றதெல்லாம் சுலபம். முக்கோணச் சுவரில், ஆள் வெளியே இறங்கும் அளவுக்கு ஒரு ஜன்னல், எதிர்ச்சுவரில் உயரத்தில் இன்னொன்று. சீலிங் ஃபேனுக்கு உயரமில்லை, சுவர் ஃபேன்தான். படித் தலைப்பில் புகை எச்சரிக்கைக் கருவி. நாற்காலியில் உட்கார்ந்தால் 5 அடியே தாராளம் என்பதால் மேஜை சரிவுப் பக்கம் போனது.

சரிவு தாழும் இடத்தில் இரண்டு பக்கமும் 4 அடிக் குட்டைச் சுவர் எழுப்பினோம். அதற்குப் பின்னால் ஒயர், தண்ணீர்க் குழாய், மழைக்கு ஒழுகினால் முதலில் நனையும் மூலை எல்லாம் இருக்கின்றன, அதனால் பக்கத்துக்கு ஒரு சின்னக் கதவு விடச் சொன்னேன். ஒரு கதவை மறித்து ஏற்கெனவே சூட்கேஸ்கள் வந்துவிட்டன. மாமனாரைக் கேட்டால், "உள்ளே வைக்கத்தாம்மா கொண்டுவந்தேன்" என்கிறார்.