ஈடிபஸ் நாடகமும் எபிடாரஸ் கல்வரிசையும்

பழம்பெரும் மேடை நாடகங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் சொல்வது பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்'. அதைப் பார்க்கத் தகுந்த இடம் கிரேக்க நாட்டு எபிடாரஸ் அரங்கம். நாடகத்தையும் அரங்கத்தையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமோ என்ற தயக்கம் வேண்டாம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இதை முதன்முதலில் பார்த்தவர்களுக்கும் ஈடிபஸின் கதை தெரியும். தெரிந்தவர்களை உட்கார வைத்துப் பதற வைப்பதற்காகவே கட்டப்பட்ட நாடகம் இது.

பிடித்த நாடகம் எது என்று முடிவுசெய்ய நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். கதை முழுக்கத் தெரிந்த பிறகும் அடுத்த வசனத்துக்காகக் காத்திருக்கிறோமா? நடிப்பு சுமாராக இருந்தாலும் நாடகம் தன் காலில் நிற்கிறதா? இதே சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' முதல் கேள்வியில் தேறிவிடும். ஆனால் ஆன்டிகனி மேடையை விட்டுப் போன பிறகு நாடகம் மன்னன் கிரேயானுடையதாகிவிடுகிறது. அவராக நடிப்பவர் தளர்ந்தால் கடைசிப் பகுதியும் தளர்ந்துவிடும். யூரிப்பிடிஸின் 'மெடியா' அந்தப் பாத்திரத்தை ஏற்பவரை நம்பியே இருக்கிறது. ஈடிபஸ் அப்படியல்ல. வசனங்களைத் தெளிவாகச் சொன்னாலே போதும், நாடகம் நகரும். அன்றைய ஏதென்ஸ் நாடகப் போட்டியில் பெற்ற பரிசை வைத்து இவற்றை எடைபோடவும் முடியாது. கி.மு. 431இல் 'மெடியா' இடம்பெற்ற நாடகத் தொகுதிக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது. ஈடிபஸ் இடம்பெற்ற தொகுதிக்கு இரண்டாம் பரிசு. அன்று வென்ற ஃபிலோக்ளிஸின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக நம் கையில் இல்லை.

கதையின் எலும்புக்கூடு இதுதான். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் நோய் நீங்கும் என்று, அப்பல்லோ தெய்வத்தின் குறிசொல்லும் தலமான டெல்ஃபியிலிருந்து வாக்கு வருகிறது. இன்றைய மன்னன் ஈடிபஸ் விசாரணையைத் தொடங்குகிறான், கொலைகாரனைச் சபிக்கிறான். அந்தக் கொலைகாரன் அவனே. கொல்லப்பட்டவன் அவனுடைய தந்தை, இப்போது மனைவியாக இருக்கும் யொகாஸ்டா அவனைப் பெற்றவள். சுமார் 1,530 வரிகள், ஒரே நாள், ஒரே இடம்: அரண்மனை வாசல். கொலை, குழந்தையாக இருந்த ஈடிபஸைக் காட்டில் விட்டது, திருமணம் எல்லாம் நாடகம் தொடங்குமுன்பே நடந்து முடிந்தவை. மேடையில் நடப்பது விசாரணை மட்டும்.

இந்த விசாரணையை சோஃபக்ளீஸ் அமைத்திருக்கும் விதத்தில்தான் நாடகத்தின் ஆயுள் இருக்கிறது. ஈடிபஸைத் தேற்ற வருகிறவர்களே முடிச்சை இறுக்குகிறார்கள். குறிசொல்லும் டைரீசியஸ் 'நீதான் கொலைகாரன்' என்று முகத்துக்கு நேரே சொல்லும்போது ஈடிபஸ் அசையவில்லை, கோபப்படுகிறான், அவ்வளவுதான். அவனை அசைப்பது யொகாஸ்டாவின் ஆறுதல். குறிகளை நம்பாதே, என் முதல் கணவன் மகன் கையால் சாவான் என்றார்கள், அவரையோ மூன்று சாலைகள் கூடும் இடத்தில் கொள்ளையர்கள் கொன்றார்கள் என்கிறாள். அவள் போகிற போக்கில் சொன்ன அந்த 'மூன்று சாலை' அவன் காதில் தைக்கிறது. எந்த ஊர்ப்பக்கம், எத்தனை காலத்துக்கு முன், அவர் எப்படி இருந்தார், உடன் எத்தனை பேர் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. நேரடிக் குற்றச்சாட்டு செய்யாததை ஒரு சில்லறைத் தகவல் செய்துவிடுகிறது.

பிறகு கொரிந்த் நகரிலிருந்து ஒரு கிழவன் வருகிறான். யொகாஸ்டா அப்பல்லோவிடம் வேண்டி முடித்த மறுகணமே வருவதால், வேண்டுதலுக்கு விடை கிடைத்ததுபோல் இருக்கிறது. ஈடிபஸ் தந்தை என்று நம்பியிருக்கும் பாலிபஸ் இயற்கையாக இறந்துவிட்டார் என்பது அவன் கொண்டுவரும் செய்தி. ஆனாலும் தாயை மணப்பேன் என்று டெல்ஃபியில் எனக்குச் சொன்ன வாக்கு பயமுறுத்துகிறதே என்கிறான் ஈடிபஸ். அந்தப் பயத்தைப் போக்கத்தான் கிழவன் நல்லெண்ணத்தோடு சொல்கிறான்: பாலிபஸும் அவர் மனைவியும் உன்னைப் பெற்றவர்களே இல்லை, கித்தைரோன் மலையில் ஓர் இடையனிடமிருந்து உன்னை வாங்கிப்போய் அவர்களிடம் கொடுத்தவன் நான்தான். அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் தலைகீழ்த் திருப்பத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது இந்தக் காட்சியைத்தான். நல்லது செய்ய வந்தவன் தன் செய்தியாலேயே நேர்எதிரானதைச் செய்துவிடுகிறான்.

இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. லாயஸைக் கொன்றது பலர் என்பது ஊர்ப்பேச்சு. பலர் என்றால் ஈடிபஸ் தப்பித்தான். ஒருவன் பலராக முடியாது என்று அவனே கணக்குப் போடுகிறான். இதைத் தெளிவாக்கத்தான் அன்று உயிர்தப்பிய ஒரே வேலையாளை வரவழைக்கிறார்கள். குழந்தையைக் கொடுத்த இடையனும் அவனேதான். அவன் வந்து நிற்கும்போது, எதற்காக அழைத்தார்களோ அந்தக் கேள்வியை, கொன்றவர் ஒருவரா பலரா என்பதை, யாருமே கேட்பதில்லை. அதற்குள் ஈடிபஸுக்குத் தான் யார் மகன் என்பது பெரிதாகிவிட்டது. முதல் வாசிப்பில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு. கவனித்துவிட்டால் நாடகத்தை இன்னொரு முறை முதலிலிருந்து படிக்கத் தோன்றும்.

தமிழ் வாசகருக்கு இங்கே பாண்டியன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லும் நொடியில் நெடுஞ்செழியனின் உயிர் போய்விடுகிறது. ஈடிபஸுக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்துசேர முழு நாடகமும் தேவைப்படுகிறது. வந்துசேர்ந்த பிறகும் அவன் சாகவில்லை. கண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வந்து அதே குடிமக்கள் முன் நின்று பேசுகிறான். தீர்ப்பு சொன்னவனே தண்டனையையும் சுமந்து நிற்கும் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இனி இடத்துக்கு வருவோம். நாடகம் முதலில் அரங்கேறியது ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் உள்ள டயோனிசஸ் அரங்கில். எபிடாரஸ் அரங்கம் கட்டப்பட்டது கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதாவது சோஃபக்ளீஸ் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. ஆனாலும் நடுவட்டம் முழுதாக நிலைத்திருப்பது இங்கேதான். சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள அந்த வட்டம்தான் கோரஸ் எனப்படும் குழுவினர் நின்று பாடி ஆடும் இடம். அதைச் சுற்றிக் கீழ்ப்பகுதியில் 34 கல்வரிசைகள். பிற்காலத்தில் மேலே சேர்க்கப்பட்டவை 21. நோயாளிகள் குணம்தேடி வந்த, மருத்துவத் தெய்வமான அஸ்க்லீப்பியஸின் கோயில் வளாகத்தின் ஒரு பகுதி இது.

பயணத்தில் பலர் சறுக்குவது பெயரில். பலையா எபிடாவ்ரோஸ், நெயா எபிடாவ்ரோஸ் என்று இரண்டு ஊர்கள் உள்ளன. பெரிய அரங்கம் இரண்டிலும் இல்லை. அது உள்பகுதியில், லிகூரியோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பலையா எபிடாவ்ரோஸில் கடலோரமாக வேறொரு சிறிய பழைய அரங்கமும் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அங்கேயும் கோடையில் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நுழைவுச்சீட்டில் எந்த அரங்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்து என்றால் அஸ்க்லீப்பியோ அல்லது 'பண்டைய அரங்கம்' என்று கேட்டு ஏறுங்கள். ஏதென்ஸிலிருந்து சாலைவழி ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தங்குவதற்கு நாஃப்ப்ளியோ வசதியானது.

ஏதென்ஸ் எபிடாரஸ் விழாவின் நாடகங்கள் இங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில், 9 மணிக்குத் தொடங்குகின்றன. ஒரு தயாரிப்பு இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் நீடிப்பது அரிது. எல்லா ஆண்டும் ஈடிபஸ் இருக்காது. எனவே முதலில் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள், பிறகு சீட்டு, அதன் பிறகு விமானம். இந்த வரிசையை மாற்றினால் காலி அரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஈடிபஸ் இல்லாத ஆண்டில் 'ஆன்டிகனி'யோ 'எலெக்ட்ரா'வோ கிடைத்தாலும் போகலாம். நவீன காலத்தில் இந்த அரங்கில் முதலில் நடந்தது 1938இல் 'எலெக்ட்ரா'தான்.

நாடகம் இன்றைய கிரேக்க மொழியில் நடக்கும், ஆங்கில எழுத்துவரி திரையில் ஓடும். அதை நம்பி மட்டும் போகாதீர்கள். வரியைப் படிக்கக் கண் போனால், யொகாஸ்டாவின் முகம் மாறும் நொடி தவறிவிடும். போகுமுன் இரண்டு முறை படித்துவிடுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் 'இந்த நொடியில் யாருக்கு என்ன தெரியும்' என்று பென்சிலால் குறித்துக்கொண்டு. இவ்வளவு செய்திருந்தால் திரையைப் பார்க்கும் தேவை பெருமளவு குறையும்.

கல் இருக்கை என்பதால் மெத்தை அவசியம். நாடகம் பொதுவாக இடைவேளையின்றி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓடும். முதுகைச் சாய்க்க ஒன்றும் இல்லை. மலைப்பக்கம் என்பதால் இரவில் ஒரு மெல்லிய மேல்சட்டை உதவும். குதிகால் உயர்ந்த காலணிகளுக்கு அனுமதி இல்லை, அவை கல்லைத் தேய்க்கின்றன. நேரம் தவறி வந்தால் உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரைமணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள். நான் பரிந்துரைப்பது கீழ்ப்பகுதியின் மேல்பாதியை. மிகக் கீழே உட்கார்ந்தால் முகங்கள் தெரியும், ஆனால் கோரஸின் நகர்வு வடிவம் புலப்படாது. உச்சி வரிசைகளில் இதற்கு நேர்மாறு.

ஒலியைப் பற்றி ஒரு திருத்தம். நடுவட்டத்தில் நாணயம் விழும் ஓசையும் தீக்குச்சி உரசுவதும் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட அளவீடுகள் இதை உறுதிசெய்யவில்லை. ஏதோ ஓசை என்று மேலே தெரிகிறது, என்ன ஓசை என்று பிரித்தறிய முடிவது ஓரளவு உயரம் வரைதான். மெல்லப் பேசினால் முன்வரிசைகளுக்கே எட்டும். குரலை எடுத்துப் பேசும் நடிகரின் சொல்தான் உச்சி வரை போகிறது. இது அரங்கத்தின் பெருமையைக் குறைப்பதில்லை. பேசத் தெரிந்த நடிகருக்குத் துணைநிற்கும் அரங்கம் அது.

தயாரிப்பு எங்கே சொதப்புகிறது என்று கவனிக்க மூன்று இடங்கள். முதலாவது, ஈடிபஸைத் தொடக்கத்திலிருந்தே முன்கோபியாகக் காட்டுவது. அவன் முதல் காட்சியில் மக்களிடம் தந்தையைப்போலப் பேசுகிறான். அந்தக் கனிவு பதியவில்லை என்றால் பிறகு விழுவதற்கு உயரம் இருக்காது. அடுத்தது யொகாஸ்டாவின் வெளியேற்றம். உண்மையை அவளே முதலில் உணர்கிறாள். நீ யார் என்று உனக்குத் தெரியாமலே போகட்டும் என்று வேண்டிவிட்டு உள்ளே போகிறாள். இதை அலறலாக்கிவிடும் இயக்குநர்கள் உண்டு. ஆனால் அவள் போனதும் கோரஸ் தலைவர் அந்த மௌனத்தைக் கண்டுதான் அஞ்சுகிறார், அதனால் அலறலுக்கு அங்கே இடமே இல்லை. மூன்றாவது, அதற்கு அடுத்து வரும் சிறிய பாட்டை வெட்டுவது. ஈடிபஸ் ஏதேனும் தெய்வத்தின் பிள்ளையாக இருக்கலாம் என்று கோரஸ் மகிழ்ந்து கித்தைரோன் மலையைப் போற்றும் பாட்டு அது. கதையை நகர்த்தவில்லை என்று அதை நீக்குகிறார்கள். நீக்கினால் யொகாஸ்டாவின் அறிவுக்கும் ஊரின் அறியாமைக்கும் நடுவே இருக்கும் பள்ளம் காணாமல் போய்விடும். இடையன் வரும் காட்சியின் கனம் பாதியாகக் குறையும்.

எட்டுப் பேசும் பாத்திரங்கள், பழைய வழக்கப்படி மூன்றே நடிகர்கள், முகமூடி. இன்றைய தயாரிப்புகளில் ஆளுக்கொரு பாத்திரம் கொடுக்கிறார்கள். மூவரைக் கொண்டே நடத்தும் தயாரிப்பு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சற்று முன் ஒருவராக வந்த குரல் இன்னொருவராகத் திரும்பி வரும்போது விசாரணை மேலும் நெருங்குகிறது.

நாடகம் முடிந்த பிறகு இரண்டு நாள் இருந்தால் கதையின் நிலத்தையே பார்த்துவிடலாம். ஏதென்ஸிலிருந்து எலெஃப்சினா, எரித்ரெஸ் வழியாகத் தீப்ஸ் போகும் பழைய சாலை கித்தைரோன் மலையைக் கடக்கிறது; விரைவுச்சாலையில் போனால் அது கிடைக்காது. தீப்ஸில் இன்று நல்ல அருங்காட்சியகம் உண்டு. அங்கிருந்து லிவாதியா வழியாக டெல்ஃபிக்குப் போகும்போது, தாவ்லியா பக்கம் பிரியும் இடத்தில் அந்த மூன்று சாலைச் சந்திப்பு வருகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் இந்த இடத்தைக் கடந்தபோது லாயஸுக்கும் அவன் ஏவலாளுக்கும் கல் குவித்த கல்லறைகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அங்கே நின்றால் வசனத்தில் புரியாத ஒன்று புரியும். லாயஸ் தீப்ஸிலிருந்து டெல்ஃபிக்குப் போகிறான். ஈடிபஸ் டெல்ஃபியிலிருந்து, கொரிந்துக்குத் திரும்பக் கூடாது என்று, எதிர்ப்பக்கமாக வருகிறான். குறியைக் கேட்கப் போகிறவனும் குறிக்கு அஞ்சி ஓடுகிறவனும் நேர்க்குநேர் வரும் மலைச்சாலை அது. வண்டிகள் வேகமாகத் திரும்பும் வளைவு என்பதால் சாலையோரத்தில் நிறுத்தாமல், சற்றுத் தள்ளி அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.