மண்டபத்துக் கடலில் கூண்டும் தெப்பமும்

இராமேசுவரம் செல்பவர்கள் பாம்பன் பாலத்தைக் காணும் ஆவலில் கடந்து போய்விடும் மண்டபத்தில், கடல் மீன் வளர்ப்பைப் பார்ப்பதற்காகவே இறங்கினேன். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், 1971இல் கொச்சிக்கு மாறுவதற்கு முன் இவ்வூரில்தான் இருந்தது. இன்று இங்கிருப்பது அதன் மண்டல மையம்.

கடல் விரால் எனப்படும் கோபியா மீனை இந்தியாவில் முதன்முறையாக, 2010இல், செயற்கைத் தூண்டலால் இனப்பெருக்கம் செய்யவைத்தது இம்மையமே. குஞ்சு பொரித்த மூன்றாம் நாளளவில்தான் அதன் வாய் திறக்கிறது. அந்த வேளையில் அவ்வாய்க்குள் நுழையக்கூடிய ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர் தொட்டியில் போதிய அளவு இல்லையென்றால் குஞ்சுகள் பட்டினியால் மடிந்துவிடும். அந்த ரோட்டிஃபருக்கும் இரை வேண்டுமே! ஆகவே மீனுக்கு முன்பாக நுண்பாசியை வளர்க்கிறார்கள். பச்சை நிறத்தில் குமிழியிட்டுக்கொண்டிருந்த அந்தக் குடுவைகளின் முன் நெடுநேரம் நின்றேன். உணவுச் சங்கிலி என்று பள்ளியில் படித்த சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது.

ஆனால் ஆய்வாளர்களை உண்மையில் வாட்டுவது குஞ்சு வளர்ந்து கடலில் மிதக்கும் வலைக்கூண்டுக்குப் போன பிறகு, அதற்கு என்ன இரை கொடுப்பது என்னும் கேள்வி. கடல் விரால் ஊன் உண்ணி. இழுவைப் படகுகளில் சேரும் சங்காயத்தை, அதாவது உணவாக விலைபோகாத சிறுமீன் குவியலை, அதற்கு இரையாகப் போட்டால், வளர்ந்திருந்தால் நல்ல விலை பெற்றிருக்கும் இளங்குஞ்சுகளும் அதில் அடங்கிவிடுகின்றன. கடலைக் காக்க மீன் வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கடலின் குஞ்சுகளையே அள்ளிப் போடுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. அதோடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் இழுவைப் படகுகள் கரையில் நிற்கும். கூண்டு மீனின் பசி நிற்பதில்லை. மீன்தூளைக் குறைத்துச் சோயா முதலியவற்றைச் சேர்த்த உருண்டைத் தீவனத்துக்கு மீன்களைப் பழக்குவதில் இவ்வளவு முனைப்புக் காட்டுவதன் காரணம் அப்போது புரிந்தது.

மறுநாள் காலை பாக் விரிகுடாவின் அமைதியான நீரில் படகில் சென்றோம். வட்டக் கூண்டைச் சுற்றிப் பன்னிரண்டு அடிச் சதுர மூங்கில் தெப்பங்கள் மிதந்தன. அவற்றின் கயிறுகளில் கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி கட்டப்பட்டிருந்தது. மீனின் கழிவிலிருந்து நீரில் கரையும் நைட்ரஜனைப் பாசி உறிஞ்சிக்கொள்வதால், தனித்து மிதக்கும் தெப்பத்தைவிடக் கூண்டருகே உள்ள தெப்பம் கூடுதல் விளைச்சல் தருகிறது. எனக்கு இதில் பெரிதாகத் தோன்றியது விளைச்சல் அன்று. கூண்டிலிருந்து வெளியேறும் கழிவுக்கும் கணக்கு வைக்கும் பொறுப்புணர்வுதான்.

இந்தப் பாசியும் குற்றமற்றதன்று. பிலிப்பைன்ஸ் பகுதிக் கடலுக்குரிய இவ்வகை, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின்மேல் படர்ந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். எனவே தெப்பத்தை எங்கே மிதக்கவிடலாம் என்பது எத்தனை தெப்பம் என்பதைவிட முதன்மையான கேள்வி என்றே கருதுகிறேன்.

திரும்பும் வேளையில் ஆய்வாளர் ஒருவர் அறுவடையான பாசியைக் கயிறு கயிறாக எடைபோட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். அருகே பெண்கள், அடுத்த 45 நாள் சுற்றுக்கான விதைப்பாசியைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.